கோட்டவாசலில் ஆரம்பித்த டிக் டிக்

புனலூரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டுத் திரும்பும்போது, ஆரியங்காவு தாண்டியதும் நல்ல மூடுபனி. கோட்டவாசலில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, பின்னால் வருகிறவருக்குத் தெரியட்டும் என்று சிவப்பு முக்கோணம் போட்ட ஹசார்டு ஸ்விட்சை அமுக்கினேன். லாரி கிளம்பிவிட்டது. ஸ்விட்ச் வெளியே வரவில்லை.

நாலு மூலையும் மினுக்க மினுக்கப் புளியரை எஸ் வளைவில் இறங்கினோம். ஹசார்டு எரிகிற வரை இண்டிகேட்டர் தனியாக வேலை செய்யாது. இடதுக்குப் போட்டாலும் வலதுக்குப் போட்டாலும் நாலும்தான் எரியும். ஜங்ஷனில் நேராகப் போவதற்கெல்லாம் இதைப் போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்றைக்குச் செங்கோட்டை வரை நானே அப்படித்தான் போனேன். செக்போஸ்ட்டில் பக்கத்தில் வந்து நின்ற கொல்லம் வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "எந்து பற்றி சேட்டா, பிரேக் போயோ?" என்றார். "ஸ்விட்ச் போயி" என்றேன். என் மலையாளம் அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை உருவியும் டிக் டிக் நிற்கவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து சாவித் துவாரத்தையே பார்த்தார். "சாவிய எடுத்தாச்சே, பெறவு யாரு போடுதா?" வண்டி நடுவழியில் செத்துக் கிடந்தாலும் எரிய வேண்டிய விளக்கு என்பதால், ஹசார்டுக்கு கரண்ட் பேட்டரியிலிருந்து நேரடியாக வரும். நான் விளக்கி முடிப்பதற்குள் தெருப் பிள்ளைகள் டிக் டிக்குக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகுதான் கூட்டம் கலைந்தது.

மெக்கானிக்கைக் கேட்டால், உள்ளே கை வைக்க முடியாது, புதுசு ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றார். சரி, எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஸ்விட்ச்தானே, திறந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது.

ஸ்க்ரூ டிரைவரை நேராகக் கொடுத்து நெம்பினால் டேஷ்போர்டில் தழும்பு விழும். காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நகர்த்தினால் ஏசி காற்று வரும் பேனல் டப் டப்பென்று கிளிப் கிளிப்பாகக் கழன்று வரும். பின்பக்கம் கனெக்டரின் நாக்கை அமுக்கி இழுத்தால் ஸ்விட்ச் கையில். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். மூடியைத் திறந்ததும் பறந்துவிடும், அப்புறம் சோபாவுக்கு அடியில் படுத்துத் தேட வேண்டியதுதான். "கவருக்குள்ள வச்சுத் திறங்க" என்று மனைவி ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். திறந்த வேகத்தில் ஸ்பிரிங் துள்ளிக் கவருக்குள்ளேயே விழுந்தது.

உள்ளே வேலைப்பாடு ரொம்ப அழகு. பிளாஸ்டிக்கில் இதய வடிவில் ஒரு தடம், அதில் ஓடுவதற்கு முனை வளைந்த மெல்லிய கம்பி ஒன்று. முதல் அமுக்கலில் கம்பி ஒரு பக்கமாக ஏறி மேலே உள்ள பள்ளத்தில் உட்காரும். அடுத்த அமுக்கலில் மறுபக்கமாக இறங்கும். கோயில் பிரகாரம் மாதிரி ஒருவழிதான், போன வழியே திரும்ப முடியாது. எங்கள் ஸ்விட்சில் அந்தப் பள்ளம் நிறையக் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தேன். வெல்லமும் நெய்யும்.

மைத்துனன் மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

போன சீசனில் சபரிமலையிலிருந்து திரும்பும்போது, ஓடுகிற வண்டியில் அரவணை டின்னைத் திறந்தவன் அவன்தான். உலகத்திலேயே அரவணையில் சிக்கிய ஒரே ஸ்விட்ச் எங்களுடையதாகத்தான் இருக்கும். குற்ற உணர்ச்சியோ என்னவோ, திரும்பி வரும்போது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் பாட்டிலோடு வந்தான். "இத ஊத்துங்க அத்தான், எலக்ட்ரானிக்ஸ்காரங்க இதைத்தான் போடுவாங்க."

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். அவன் வாசித்தும் காட்டிவிட்டான்.

"ஏலே, சாமி பிரசாதத்தச் சாராயம் போட்டா தொடைக்கப்போறிய? வெந்நி போட்டுக் கழுவுங்கல!"

பக்தியை விடுங்கள், வேதியியலும் அம்மா பக்கம்தான். வெல்லப்பாகு ஆல்கஹாலில் லேசில் கரையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கத் தேய்க்கத் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. கறுத்திருந்த செப்புத் தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். ஈரம் போவதற்காகக் கடைசியில் ஆல்கஹாலையும் ஒரு சொட்டு விட்டேன், அம்மா அடுப்படிக்குப் போன சமயமாகப் பார்த்து. கழுவின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாதாம், கால் படாத இடமாக வேண்டுமாம். கொல்லையில் தென்னைமரத்து மூட்டில் ஊற்றினோம்.

எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரி ஒயரைக் கொடுத்து, அமுக்கினேன். டிக் டிக். மறுபடி அமுக்கினேன். நின்றுவிட்டது. அண்ணாச்சி தன் பங்குக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "செலவு?" என்றார். ஒன்றுமில்லை என்றதில் அவருக்கு ஏமாற்றம்தான்.

பேனலை அழுத்திப் பொருத்தும்போது மைத்துனன் காதருகே வந்தான். "அத்தான், அன்னைக்கு ஏசி ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் சிந்துச்சு. அதையும் இப்பவே பாத்துருவமா?"