சாங்கியிலிருந்து நியூவார்க்குக்கு அம்மாவுடன்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று தேடினால் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்று வருகிறது. எழுபது வயதைத் தாண்டிய, சற்று நேரம் உட்கார்ந்தாலே கால் வீங்கும் அம்மாவை நியூஜெர்சியில் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போகிறவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், வழியில் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்பதுதான் என் கவலை.

பிராங்பர்ட் வழியாகப் போனால் கட்டணம் குறைவு. ஆனால் நடுவில் இறங்கி, மீண்டும் சோதனை முடித்து ஏற வேண்டும். "ஒரே மூச்சில் போய்விடலாம்" என்றார் அம்மா. நியூஜெர்சியில், நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்குப் போகும் நேரடி விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது. 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350 ரகம் அது. இருக்கைகள் 161 மட்டுமே. அவ்வளவு தூரம் பறக்க வேண்டுமானால் ஆள் சுமையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் குறைவுக்கான விலையை நம்மிடம் வாங்கிவிடுகிறார்கள்.

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104இலும் நியூயார்க் மேற்கு 74இலும் இருக்கின்றன. கூட்டினால் 178, அதாவது தீர்க்கரேகைக் கணக்கில் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டியே போக வேண்டும். எங்கள் விமானமோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக்கைக் கடந்தது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகிறது. பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டித் தரையிறங்கினோம்.

மருத்துவர் சொன்னபடி அம்மா முழங்கால்வரை இறுக்கமான காலுறை அணிந்திருந்தார். நடைபாதை ஓர இருக்கையை முன்பே கேட்டு வாங்கியிருந்தேன். விழிக்கும்போதெல்லாம் பின்பக்கச் சமையல் பகுதிவரை ஒரு நடை, அங்கே ஒரு குவளை வெந்நீர். திரையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் கடல்தானா?" என்பார். சைவ உணவை முன்கூட்டியே பதிவு செய்திருந்ததால் அது மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. சுவையைப் பற்றி அம்மா வாய் திறக்கவில்லை.

நான் அதிகம் பயந்தது இரத்த அழுத்த மாத்திரைக்குத்தான். வீட்டில் காலை எட்டு மணிக்குப் போடுவார். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிடச் சரியாக 12 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. இங்கே காலை எட்டு என்றால் அங்கே இரவு எட்டு. "இரவுச் சாப்பாட்டோடு போடட்டும், 24 மணி நேர இடைவெளி மாறாது" என்றார் மருத்துவர். அம்மாவின் முள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவே தேவைப்படவில்லை. குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரமாகிவிடும்; அப்போது போகிறவர்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் கிளம்பி, தேதிக்கோட்டைத் தாண்டி, மறுநாள் விடிகாலையில் இறங்கினோம். டிக்கெட் எடுத்தபோதே சக்கர நாற்காலி கேட்டிருந்ததால் குடிநுழைவு வரிசையில் அதிகம் நிற்க நேரவில்லை. திரும்பும் வழியில்தான் நாள் தொலைகிறது: அங்கே காலையில் ஏறினால் இங்கே மறுநாள் மாலை ஆகிவிடுகிறது. வந்த மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.