ஆறு வயது மகளுடன் காட்டு ஏரிகளில்: ஒரு படகுப் பயணத்தின் திட்டம்

இந்தக் கோடையின் கடைசியில் என் மனைவியும் நானும் ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு, கனூ படகில் காட்டு ஏரிகளுக்குள் சென்று சில இரவுகள் தங்கிவரத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். நாங்கள் இருவரும் திருமணத்துக்கு முன்பிருந்தே துடுப்புப் போட்டுப் பழகியவர்கள் என்பதால், பழைய திட்டத்தில் ஓர் ஆளைக் கூட்டி, உணவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும் என்று உறவினர் சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓர் ஆள் கூடவில்லை, குறைகிறார். குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவரின் கண் அவள்மேல் இருந்தாக வேண்டும் என்ற விதியை ஏற்றுக்கொண்ட உடனேயே, இருவர் செய்துவந்த வேலைக்கு ஒருவர்தான் மிஞ்சுகிறார். தூரம், வழி, பருவம், சுமை ஆகிய அனைத்தையும் அந்த ஒருவரை வைத்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு மிகவும் இடிப்பது தண்ணீரில் அல்ல, தரையில்தான். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை படகையும் மூட்டைகளையும் சுமந்து நடக்கும் பாதையைப் போர்ட்டேஜ் என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாவிட்டால், முதல் சுமையை மறுமுனையில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து மீதியை எடுத்துச் செல்ல வேண்டும். 1 கிலோமீட்டர் பாதை அப்போது 3 கிலோமீட்டர் நடையாகிவிடும். பெரியவர்கள் மட்டும் இருந்தால் இது அலுப்பு தரும் வேலை, அவ்வளவுதான். குழந்தை உடனிருக்கும்போதோ பாதையின் இரு முனைகளிலும் தண்ணீர் இருக்கிறது, எந்த முனையிலும் அவளைத் தனியாக விட முடியாது. ஆகவே முதல் நடையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மகளின் வேகத்தில் நடப்போம். மறுமுனையில் ஒருவர் அவளோடு தங்க, மற்றவர் திரும்பிச் சென்று படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார். இதற்கு மேல் ஒரு மூட்டை மிஞ்சினாலும் அந்த ஒருவரின் நடை 5 கிலோமீட்டராகிவிடும். ஒரு படகு, பெரிய மூட்டை இரண்டு, மகளின் முதுகில் அவளுடைய மாற்றுடையும் தண்ணீர்க் குப்பியும் மட்டும் கொண்ட சிறுபை என்பதோடு சுமையை நிறுத்திக்கொள்ள முடிவு செய்திருப்பது இதனால்தான்.

படகைச் சுமப்பவருக்கு முன்னால் சில அடிகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். வேர்களும் வழுக்குப் பாறைகளும் நிறைந்த பாதையில் அவர் தடுமாறினால் படகு எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. அவருக்கு அருகில் குழந்தை நடக்கவே கூடாது. 17 அடிப் படகு கெவ்லார் இழையால் ஆனதாக இருந்தால் ஏறத்தாழ 20 கிலோதான் இருக்கும். அதே நீளமுள்ள பிளாஸ்டிக் படகு 30 கிலோவைத் தாண்டிவிடும். மற்ற பொருள்களில் சிக்கனம் பார்த்தாலும், இந்தப் பயணத்துக்கு இலேசான படகையே வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வழியில் எந்தப் போர்ட்டேஜும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். வரைபடத்தில் பார்க்கும்போது மனத்தைக் கவரும் வழிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நிபந்தனையிலேயே அடிபட்டுப் போய்விட்டன.

தண்ணீரில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. சுமையேற்றிய இருவர் படகு, காற்றில்லாத நீரில் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும். கரையில் நிற்கும் நாரையைப் பார்க்கவும், சிறுநீர் கழிக்க இறங்கவும், கல் பொறுக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் படகில் இருப்பதில்லை, அதையும் நண்பகலுக்குள் முடித்துவிடுவது என்று வகுத்திருக்கிறோம். பெரிய ஏரிகளில் காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் நீர், வெயில் ஏற ஏறக் காற்றெழுந்து பிற்பகலில் அலையாக மாறுவது வழக்கம் என்பதால், குழந்தையின் பொறுமையும் காற்றின் போக்கும் இங்கே ஒரே திசையில் ஒத்துப்போகின்றன. நடுவில் ஒரு முழு நாளைப் பயணமே இல்லாமல் விட்டிருக்கிறோம். காற்று ஒரு நாளைப் பறித்துக்கொண்டால் அந்த நாள் ஈடுகட்டும், பறிக்காவிட்டால் மகள் தண்ணீரில் விளையாடுவாள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இயற்கை அழகைவிட அனுமதி முறையைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசினோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1893-இல் அமைக்கப்பட்ட அல்கோன்குவின் பூங்காவில், எந்த இரவு எந்த ஏரியில் தங்குவோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில், மே 1 முதல் செப்டம்பர் 30 வரையிலான அனுமதிச் சீட்டு நுழையும் இடத்தையும் நுழையும் நாளையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. உள்ளே போனபின் குறித்துவைக்கப்பட்ட முகாமிடங்களில் எது காலியாக இருக்கிறதோ அதில் தங்கலாம். குழந்தை சோர்ந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம் என்பதால் இரண்டாம் முறையே நல்லது என்று முதலில் தோன்றும். ஆனால் பார்க்கும் முகாமிடமெல்லாம் நிறைந்திருந்து, பசியோடு அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னும் ஓர் ஏரி தாண்ட வேண்டிய நிலையும் அதே சுதந்திரத்தில்தான் அடங்கியிருக்கிறது. ஓர் இடம் உறுதியாக இருக்கிறது என்ற நிம்மதிக்காக முதல் முறையின் பக்கமே நாங்கள் சாய்ந்திருக்கிறோம். இரண்டு இடங்களிலும் ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் போகக் கூடாது. தகர உணவு டப்பாக்களுக்கும் கண்ணாடிப் பாட்டில்களுக்கும் அனுமதி இல்லை.

ஆகஸ்ட் மாதக் கடைசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. வசந்தத்தின் பிற்பகுதியில் கடிக்கும் கருப்பு ஈக்களும், அதைத் தொடர்ந்து வரும் கொசுக் கூட்டமும் அதற்குள் பெருமளவு அடங்கிவிடும். அதைவிட முக்கியம், கோடை முழுவதும் வெயில் காய்ந்த ஏரிநீர் அப்போது ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவரின் நிலையை விளக்க, மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற சூத்திரம் ஒன்று உண்டு: திணறும் மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் வரைதான், உடல் வெப்பம் குறைந்து நினைவு தவற ஏறத்தாழ 1 மணி நேரம். இது பெரியவர்களுக்கான தோராயம். எடையோடு ஒப்பிடும்போது குழந்தையின் தோற்பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் இன்னும் வேகமாக வெளியேறும். கரையை ஒட்டியே செல்வது, பருத்தி ஆடையைத் தவிர்ப்பது, நீர் புகாத பையில் முழு மாற்றுடை ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது ஆகிய மூன்றையும் நான் பேரம் பேச முடியாத விதிகளாகவே கருதுகிறேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை வளர்ந்தாலும் பொருந்தட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் வழக்கம் சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது. எடைக்கேற்ற அளவும், தொடைகளுக்கிடையே மாட்டும் பட்டையும், பிடித்துத் தூக்கக் கழுத்துக்குப் பின்னால் ஒரு கைப்பிடியும் இருக்க வேண்டும். தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்தால் அங்கி காதுவரை ஏறிவரக் கூடாது. படகில் மட்டுமன்றி, கரையோரத்தில் விளையாடும்போதும் அவள் அதை அணிந்திருப்பாள், நாங்களும் அணிந்திருப்போம். படகோடு அவளை எந்தக் கயிற்றாலும் கட்டுவதில்லை. படகு கவிழ்ந்தால் அந்தக் கயிறே எமனாகிவிடும். பின்னிருக்கைக்கு முன்னால், படகின் தரையில் ஒரு நுரைமெத்தைமேல் அவளை உட்காரவைப்போம். அவளுக்கென்று ஒரு சிறு துடுப்பும் உண்டு. சிறிது நேரம் துடுப்புப் போட்டுவிட்டு, மீதி நேரம் எங்கள்மேல் தண்ணீர் தெளிக்கத்தான் அது பயன்படப்போகிறது என்று தெரிந்தே எடுத்துச் செல்கிறோம்.

முகாமில் கரடிக்கு எட்டாதபடி உணவைப் பாதுகாக்கும் முறை எங்களுக்குப் பழக்கமானதுதான். புதிதாகச் சேர்ந்திருப்பது, தூங்கப் போகுமுன் ஒரு குழந்தையின் சட்டைப் பைகளைச் சோதிக்கும் கடமை: ஒளித்துவைத்த மிட்டாயும் பழவாசனையுள்ள பற்பசையும் கூடாரத்துக்குள் போய்விடக் கூடாது. வழி தவறினால் அலையாமல் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். 1981-இல் கலிஃபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலைக்காட்டில் காணாமற்போய் இறந்த பிறகு, தேடச் சென்றவர்கள் குழந்தைகளுக்காக உருவாக்கிய பாடம் இது. அவளுடைய அங்கியில் ஒரு விசில் தொங்கும். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள்.

கைப்பேசி வேலை செய்யாத இடம் என்பதால், செயற்கைக்கோள் வழியே இருவழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை வாடகைக்கு எடுக்கிறோம். நுழையும் இடம், ஒவ்வோர் இரவும் தங்கும் ஏரி, படகின் நிறம், எந்த நாள் எத்தனை மணிக்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி என் தங்கையிடம் கொடுத்துவிடுவேன். மகளின் எடையும் அதற்கேற்ற காய்ச்சல் மருந்தின் அளவும் எழுதிய தாள் முதலுதவிப் பெட்டியில் இருக்கும்.

பயணத்துக்கு முன், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரத்திலுள்ள ஏரிக்கரை ஒன்றில் ஓர் இரவு தங்கிப் பார்க்கப்போகிறோம். ஆழமில்லாத, வெதுவெதுப்பான நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, அங்கி தன்னைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதை அவளே உணரும்படி பழக்குவதும் அன்றைக்குத்தான். முன்பதிவை ரத்துசெய்வதற்கான கடைசி நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். சோதனை இரவு அதற்கு ஒரு வாரம் முன்னதாக வருகிறது.