மண், உலோகம், எடை: மத்தியகாலத்தைத் தொட்ட சில படங்கள்

வெண்கல மணி வார்ப்பதில் முதல் வேலை மண் தேடுவது. செம்பும் வெள்ளீயமும் அதற்குப் பிறகுதான். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1966-ல் எடுத்து முடித்த 'ஆந்த்ரேய் ருப்ளேவ்' படத்தின் கடைசி அத்தியாயத்தில், போரிஸ்கா என்ற பையன் அந்த மண்ணுக்காகத்தான் மழையில் அலைகிறான். காலம் 1423, இடம் ரஷ்யா. கொள்ளைநோயில் ஊரின் மணி வார்ப்பவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள், அவன் அப்பா உட்பட. கோமகனின் ஆட்கள் வந்து விசாரிக்கும்போது, அப்பா தன்னிடம் மட்டும் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்லி வேலையை வாங்கிக்கொள்கிறான். மணி ஒலிக்காவிட்டால் தலை போகும்.

மத்தியகாலத்தை வைத்து எடுத்த படங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். வாளும் அரியணையும் எந்தப் படத்திலும் கிடைக்கும். ஒரு வேலை எப்படி நடந்தது, அதில் யார் யார் சேற்றில் நின்றார்கள் என்று காட்டிய படங்கள் சொற்பம்.

படம் எதையும் விளக்காது. அதனால் மணி வார்ப்பைப் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அந்த அத்தியாயம் இரண்டு மடங்கு பிடிக்கும். அந்தக் காலத்தில் பெரிய மணிக்கு மூன்று அடுக்கில் அச்சு செய்வார்கள். முதலில் மணியின் உள்வடிவம்: செங்கல்லோ கல்லோ அடுக்கி, மேலே களிமண் பூசிக் காயவைப்பது. அதன்மேல் மணி எவ்வளவு தடிமனாக வரவேண்டுமோ அந்தத் தடிமனுக்கு ஒரு பொய் மணியைக் களிமண்ணாலேயே செய்வார்கள். வளைவாக வெட்டிய பலகையை நடுவில் நட்ட தண்டில் பொருத்திச் சுற்றிவந்தால் உருவம் ஒரே சீராக வரும். எழுத்து, உருவம் போன்ற அலங்காரங்களை மெழுகில் செய்து பொய் மணிமேல் ஒட்டுவார்கள். மூன்றாவதாக வெளிக்கூடு. அது காய்ந்ததும் தூக்கி, பொய் மணியை உடைத்து அப்புறப்படுத்திவிட்டு, கூட்டை மறுபடி அதே இடத்தில் இறக்குவார்கள். இடையில் கிடைக்கும் வெற்றிடம்தான் மணி.

குழி எதற்கு என்றால் இரண்டு காரணம். உலை மேலேயும் அச்சு கீழேயும் இருந்தால்தான் உருகிய உலோகம் வாய்க்கால் வழியே தானாக ஓடிவந்து இறங்கும். இன்னொன்று, டன் கணக்கில் வெண்கலம் உள்ளே இறங்கும்போது அச்சின் சுவரை வெளியே தள்ளும். சுற்றிலும் மண்ணைக் கொட்டி இடித்து இறுக்கியிருக்க வேண்டும். இறுக்கம் போதாத இடத்தில் அச்சு பிளந்து உலோகம் மண்ணுக்குள் ஓடிவிடும், அத்தனை மாத உழைப்பும் போச்சு.

அதைவிடப் பெரிய எதிரி ஈரம். அச்சில் கொஞ்சம் ஈரம் தங்கினாலும் 1,000 டிகிரிக்கு மேலான உலோகம் பட்டதும் நீராவியாகி வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் மணிக்குள் குமிழிகள் தங்கி ஓசை செத்துப்போகும். களிமண்ணைப் பற்றி அந்தப் பையன் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதன் பொருள் இதுதான். சுருங்கிப் பிளக்காத, ஆனால் ஆவியை வெளியே விடுகிற மண் வேண்டும். உலோகக் கலவை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். வெள்ளீயம் கூடினால் மணி நொறுங்கும், குறைந்தால் கணீரென்று ஒலிக்காது. போரிஸ்கா வெள்ளி கேட்டு அடம்பிடிக்கிறான் அல்லவா? வெள்ளி சேர்த்தால் ஓசை இனிக்கும் என்பது பல நாடுகளிலும் இருந்த பழைய நம்பிக்கை. உண்மையில் வெள்ளியால் ஓசைக்கு நன்மை இல்லை.

வார்த்த பிறகு அவசரப்படவும் கூடாது. மெதுவாக ஆறாவிட்டால் விரிசல். ரஷ்யாவிலேயே இதற்குப் பிற்கால உதாரணம் இருக்கிறது. 1735-ல் மாஸ்கோவில் ஏறத்தாழ 200 டன்னில் வார்த்த ஜார் மணி குழியை விட்டு ஏறுவதற்கு முன்பே 1737-ல் தீவிபத்து. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீர் சூடேறிய மணியில் பட்டு 11 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அந்த மணி ஒருநாளும் ஒலித்ததில்லை.

படத்தின் மணி ஒலிக்கிறதா என்பதை நான் சொல்லப்போவதில்லை. மணியின் நாக்கை ஆட்கள் கயிற்றால் ஆட்டத் தொடங்கும் காட்சியை மட்டும் கவனியுங்கள். மணி அசையாது, நாக்குதான் அசையும். அதுதான் ரஷ்ய முறை. மேற்கு ஐரோப்பாவில் மணியையே ஊஞ்சல்போல ஆட்டுவார்கள்.

இந்தப் படம் 205 நிமிடம், 183 நிமிடம் என இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. முதல் முறைக்கு 183 நிமிட வடிவமே நல்லது, தார்க்கோவ்ஸ்கி கடைசியாக ஏற்றுக்கொண்டதும் அதைத்தான். ஒரு எச்சரிக்கை: நகரத்தைச் சூறையாடும் அத்தியாயத்தில் படிக்கட்டிலிருந்து விழும் குதிரை நிஜமாகவே கொல்லப்பட்டது. தாங்க முடியாதவர்கள் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம்.

அடுத்தது எடை. ஆர்சன் வெல்ஸின் 'சைம்ஸ் அட் மிட்நைட்' (1965) படத்தில் இங்கிலாந்தில் 1403-ல் நடந்த ஷ்ரூஸ்பரி போர் வருகிறது. மாட்ரிட் நகரப் பூங்கா ஒன்றில் எடுத்தது, துணை நடிகர்கள் 200 பேர்கூட இல்லை. கேமராவைக் கையில் பிடித்து, சில துண்டுகளை வேகம் கூட்டி, சிலவற்றைக் குறைத்து, குட்டிக்குட்டியாக வெட்டிச் சேர்த்திருக்கிறார். தொடக்கத்தில் கொடி, குதிரை எல்லாம் கம்பீரமாக இருக்கும். முடியும்போது யார் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சேற்றுக்குள் உருண்டு திணறும் உடல்கள்தான் மிச்சம். பின்னால் வந்த போர்க்காட்சிகள் பலவும் இதற்குக் கடன்பட்டவை.

இவ்வளவு நல்ல படத்திலும் ஒரு தவறு. கவசம் அணிந்த வீரர்களைக் கயிறுகட்டி மரத்திலிருந்து குதிரைமேல் இறக்குகிறார்கள். போர்க்களத் தகட்டுக் கவசம் மொத்தமாக 20 முதல் 25 கிலோதான், அதுவும் உடல் முழுக்கப் பரவி நிற்கும். பழகியவர்கள் ஓடுவார்கள், விழுந்தால் எழுவார்கள், தாங்களே குதிரை ஏறுவார்கள். படத்தில் வராத நிஜம் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் போரில் 16 வயது இளவரசன் ஹென்றியின் முகத்தில் அம்பு ஆழமாகப் பாய்ந்தது. ஜான் பிராட்மோர் என்ற மருத்துவர் அதற்கென்றே ஒரு கருவி செய்து முனையை வெளியே எடுத்தார், புண்ணுக்குத் தேன் பயன்படுத்தினார்.

ஐசன்ஸ்டைனின் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' (1938) ரஷ்யருக்கும் ஜெர்மானிய வீரர்களுக்கும் 1242-ல் நடந்த உறைந்த ஏரிப் போரைக் காட்டுகிறது. எடுத்தது கோடையில், செயற்கைப் பனிமேல். ப்ரோகோஃபியேவின் இசைக்காகவாவது பார்க்க வேண்டும். பனி உடைந்து வீரர்கள் மூழ்கும் அந்தப் புகழ்பெற்ற முடிவுக்கு மட்டும் அக்காலக் குறிப்புகளில் உறுதியான ஆதாரம் இல்லை. ஜெர்மானியர் தரப்புக் குறிப்பு ஒன்று, இறந்தவர்கள் புல்மேல் விழுந்தார்கள் என்கிறது.

'கிங்டம் ஆஃப் ஹெவன்' (2005) பார்த்து ஏமாந்தவர்கள் பெரும்பாலும் திரையரங்கில் வந்த 144 நிமிட வடிவத்தைப் பார்த்தவர்கள். இயக்குநர் விரும்பியபடி தொகுத்த 194 நிமிட டைரக்டர்ஸ் கட் வேறு படம் என்றே சொல்லலாம். அரசி சிபில்லாவின் சிறுவன் மகனின் கதை முழுவதும் முதல் வடிவத்தில் வெட்டப்பட்டதால், அவள் ஏன் அப்படி உடைந்துபோகிறாள் என்பதே புரியாமல் போனது. முற்றுகைக் காட்சிகள் அருமை. ஆனால் 1187-ல் ஜெருசலேம் சரணடைந்தபோது, அதைப் பிடித்த முஸ்லிம் சுல்தான் சலாதீன் எல்லாரையும் சும்மா போகவிட்டதாகப் படம் சொல்வது சரியல்ல. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் என்று மீட்புத்தொகை இருந்தது. கட்ட முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளானார்கள்.

அதே ரிட்லி ஸ்காட்டின் 'தி லாஸ்ட் டூயல்' (2021), 1386 டிசம்பர் 29 அன்று பாரிஸில் நிஜமாக நடந்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையைப் பற்றியது. ஒருவன் தன்னை வன்புணர்ந்ததாக மனைவி குற்றம் சாட்டினாள், அவனோடு கணவன் மோதினான். கணவன் தோற்றால் குற்றம் சாட்டிய மனைவியை உயிரோடு கொளுத்துவார்கள், அதுதான் சட்டம். கதையை மூன்று பேர் பார்வையில் மூன்று முறை சொல்கிறார்கள். ஒரே காட்சியில் மாறும் சின்னச் சின்ன விஷயங்களை விடாமல் கவனிக்க வேண்டும். தலைக்கவசத்தில் பாதி முகம் மட்டும் மூடியிருப்பது நடிகர் முகம் தெரிவதற்காகச் செய்த கற்பனை. அப்படிச் சண்டைக்குப் போனால் திறந்த பாதியில்தான் முதல் குத்து விழும்.

'பிரேவ்ஹார்ட்' (1995) பற்றி ஒரு வரி போதும்: ஸ்டர்லிங் பாலப் போரில் பாலமே இல்லை. 1297-ல் ஸ்காட்லாந்துத் தலைவன் வாலஸ் ஆங்கிலேயரை ஜெயித்ததே அந்தக் குறுகலான பாலத்தில் எதிரிப் படை பாதி கடந்து, பாதி கடக்காமல் நின்ற நேரத்தில் தாக்கியதால்தான்.

தகவல் பிசகினாலும் மனசுக்கு நெருக்கமான படமும் உண்டு. பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' (1957) கொள்ளைநோய்க் கால சுவீடனில் நடக்கிறது. அதில் தேவாலயச் சுவரில் ஓவியம் தீட்டுபவருக்கு ஆல்பர்ட்டஸ் பிக்டர் என்று பெயர். நிஜ பிக்டர் வாழ்ந்தது அந்தக் கொள்ளைநோய்க்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. ஆனால் டேபி தேவாலயத்தில் மரணம் சதுரங்கம் ஆடுவதாக வரைந்தவர் அவர்தான். படத்தின் புகழ்பெற்ற சதுரங்கம் அந்தச் சுவரிலிருந்து இறங்கி வந்தது.

கடைசியாக, டிரையரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928). ஜோன்மேல் 1431-ல் நடந்த விசாரணையின் நிஜப் பதிவேட்டிலிருந்து எழுதப்பட்ட மௌனப் படம். மாதக்கணக்கில் நடந்த விசாரணையை ஒரே நாளாகச் சுருக்கியிருக்கிறார். மேக்கப் இல்லாத முகங்கள், அவற்றுக்குப் பின்னால் வெற்றுச் சுவர், அவ்வளவுதான். அசல் நெகட்டிவ் தீயில் போனது, அதற்கு மாற்றாகச் செய்த இன்னொரு வடிவமும் தீயில் போனது. 1981-ல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையில் முழுப் பிரதி ஒன்று கிடைத்தது. நொடிக்கு 24 ஃபிரேம், 20 ஃபிரேம் என்று இரண்டு வேகங்களில் வெளியிட்டிருக்கிறார்கள். 20-ஐத் தேர்ந்தெடுங்கள். ஜோனாக நடித்த ஃபால்கொனெத்தியின் கண்ணிலிருந்து நீர் இறங்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் அதில் எடுக்கும்.