பொழுது சாய்வதற்குள்

ஆகஸ்ட் 28, 2025, வியாழன்

ஆயா நேற்று ஊரிலிருந்து வந்து இறங்கினாள். பையில் நாலு புடவை, ஒரு பித்தளைச் செம்பு, மடித்த வெள்ளைத் துணி, ஓரம் பிய்ந்த இரண்டு புத்தகம். காலையில் நான் காப்பியைக் கையில் எடுத்தபோதே அறிவிப்பு வந்துவிட்டது: "இன்னைக்கு தசலட்சணம் ஆரம்பம். இந்தப் பத்து நாளாவது பொழுதோட சாப்பிடு."

நாங்கள் தமிழ்ச் சமணர், நயினார் வீடு. அது சாதிச் சான்றிதழில் சரியாக இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா கடையில் நிற்கும்போது எனக்கு ஞாபகம் வருவதில்லை.

ஆவணி வளர்பிறை பஞ்சமியில் தொடங்கிச் சதுர்த்தசியில் முடியும் பத்து நாள் இது. வெள்ளாடைப் பிரிவினருக்கு எட்டு நாள், அது முடிகிற இடத்தில் திகம்பரர்களான எங்களுக்கு ஆரம்பம். நாளுக்கு ஒரு அறம். இன்று பொறை. எங்கள் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரத்தில் பத்து அத்தியாயம், அதுவும் நாளுக்கு ஒன்று. முதல் சூத்திரமே மொத்தத்தையும் சொல்லிவிடுகிறது: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம், மூன்றும் சேர்ந்தது வீட்டுக்கு, அதாவது மோட்சத்துக்கு, வழி. வழிகள் இல்லை, ஒரே வழி. மருந்தை நம்பினால் மட்டும் போதாது, எந்த மருந்து என்று தெரிந்தால் மட்டும் போதாது, விழுங்கவும் வேண்டும் என்று ஆயா விளக்கம் சொன்னாள்.

ராத்திரி ஏன் சாப்பிடக் கூடாது? விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழும், தெரியாமல் கொல்வோம். "இப்ப எல்ஈடி பல்பு ஆயா" என்றேன்.

"அது பூச்சிக்குத் தெரியுமா?"

சென்னையில் இப்போது சூரியன் 6.20 வாக்கில் மறைகிறது. ஆபீஸ் முடிய ஆறரை. ஆக, 5.45க்கு என் மேசையிலேயே டப்பாவைத் திறந்தேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் பெண் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். போன 20ஆம் தேதியிலிருந்தே அவள் என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அந்த வெள்ளைத் துணி எதற்கு என்று இன்றுதான் பார்த்தேன். இரண்டாக மடித்துக் குழாயின் வாயில் கட்டிவிட்டாள். மெட்ரோ தண்ணீர் சரி. கேன் தண்ணீரையும் அதே மாதிரி செம்பின் மேல் துணியைப் போட்டு ஊற்றுகிறாள். "இது ஃபில்டர் பண்ணி வந்தது" என்று சொல்லிப் பார்த்தேன். கம்பெனிக்காரன் வடிகட்டுவது நமக்கு வியாதி வராமல் இருக்க, இவள் வடிகட்டுவது தண்ணீரில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாமல் இருக்க. இரண்டும் வேறு வேலையாம்.

ஊரில் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டியதும் துணியைத் தலைகீழாகத் திருப்பி, வடிகட்டிய தண்ணீரையே அதன் மேல் விட்டு அலசி, மறுபடி கிணற்றுக்குள் விடுவார்கள். துணியில் ஒட்டியது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேர வேண்டும். இங்கே கேனுக்குக் கிணறு ஏது? துணியைக் கையில் பிடித்துக்கொண்டு பால்கனிக்கும் அடுப்படிக்கும் இரண்டு தடவை நடந்தாள். கடைசியில் துளசித் தொட்டி ஓரமாக அலசிவிட்டு, "என்ன ஊருடா இது" என்றாள்.

சின்ன வயதில் இதெல்லாம் மடி, ஆசாரம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, உயிர்களை எண்ணுகிற விதமே வேறு. தொட்டால் உணர்வது மட்டும் இருந்தால் ஓரறிவு: செடிகொடி மட்டுமல்ல, மண்ணையும் நீரையும் நெருப்பையும் காற்றையும் உடம்பாகக் கொண்ட உயிர்களும் அதில் அடக்கம். நாக்கும் இருந்தால் ஈரறிவு, புழு. மூக்கும் சேர்ந்தால் எறும்பு, கண்ணும் சேர்ந்தால் வண்டு, காதும் சேர்ந்தால் நாமும் மாடும் மீனும். பள்ளிக்கூடத்தில் படித்த தொல்காப்பியத்தின் உயிர்ப் பாகுபாடும் இதே வரிசையில்தான் போகிறது.

ஆகஸ்ட் 30, சனி

கீழ்வீட்டு அக்கா கேட்டார்: "நீங்க ஜைனா? சேட்டா? பார்த்தா தெரியலையே!"

வருஷத்துக்கு நாலு முறையாவது இந்தக் கேள்வி வரும். மதுரைப் பக்கம் மாங்குளத்தில் சமணத் துறவிக்குக் கல் படுக்கை வெட்டிக் கொடுத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு கி.மு. காலத்தது. நாலடியாரின் நானூறு வெண்பாவும் சமணர் பாடியது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கம் இன்றும் எங்கள் ஊர்கள் இருக்கின்றன, பெரும்பாலும் விவசாயிகள். இவ்வளவையும் மாடிப்படியில் நின்று சொல்ல முடியுமா? "இல்லக்கா, தமிழ்தான்" என்றேன்.

விவசாயி என்று எழுதியதும் ஒரு பழைய சந்தேகம் வந்தது. ஏர் ஓட்டினால் மண்ணில் எத்தனை புழு சாகும்? தாத்தா எப்படி ஓட்டினார்? ஆயாவிடம் பதில் தயாராக இருந்தது. கொலையில் நாலு வகை: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, பிழைப்பில் நேர்வது, எதிர்த்து வருபவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது நேர்வது. முதலாவதை இல்லறத்தான் அடியோடு விட வேண்டும். மற்ற மூன்றையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நாலையும் விட்டவர் துறவி. அதனால்தான் அவர் மயிற்பீலியால் தரையை வருடிவிட்டு உட்காருகிறார்.

கிழங்கு மட்டும் இந்தப் பத்து நாளும் கிடையாது. உருளை, கேரட், வெங்காயம், பூண்டு எல்லாம் வெளியே. ஒரு கிழங்குக்குள் எண்ணில்லாத உயிர் குடியிருப்பதாகக் கணக்கு. காய்ந்த சுக்கு சரி, பச்சை இஞ்சி கூடாது. வெங்காயம் இல்லாத சாம்பார் எப்படி இருந்தது என்று எழுத இன்று உண்மைக்கான நாள் இல்லை. அது திங்கட்கிழமை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடியற்காலையில் கிளம்பி, எங்கள் மடம் இருக்கும் மேல்சித்தாமூர். ஆயாவை மடத்துப் பக்கம் கோயிலில் பார்சுவநாதரிடம் விட்டுவிட்டு, நான் மட்டும் செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றுக்குப் போனேன்.

பெரிய பாறை ஒன்றின் முகத்தில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, இருபத்துநாலு தீர்த்தங்கரர். எல்லோரும் உட்கார்ந்த கோலம், கிட்டத்தட்ட ஒரே முகம். முதலாமவர் ரிஷபர், கடைசி மகாவீரர் என்று மனப்பாடமாகத் தெரியும், இங்கே யார் யார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெயில் ஏறியதும் பாறை கண் கூசியது. வேண்டிக்கொள்ள எதுவும் இல்லை, அதுதான் எங்கள் மதத்தில் வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்கக் கஷ்டமான சங்கதி. உலகத்தைப் படைத்தவர் என்று யாரும் இல்லை. அருகர் நம்மைப்போல் பிறந்து, வினையைத் தீர்த்துப் போய்ச் சேர்ந்தவர். கேட்டால் கொடுக்க மாட்டார். கும்பிடுவது அவர் போன பாதையை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான். எங்கள் வீட்டிலேயே பரீட்சைக்கு முன்னால் காவல் தெய்வமான யட்சியின் சன்னதியில் விளக்கேற்றுவார்கள் என்பது வேறு விஷயம்.

அங்கே ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் அனசனம், அதாவது உண்ணா நோன்பு, நோற்று உயிர் விட்ட இடம் என்று சொல்கிறது. 'ஐ' எழுத்தின் பழைய வடிவத்துக்காக இதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. எனக்கு எழுத்தைவிட எண்தான் உறைத்தது. 57. நான் நாலாவது நாளாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டதற்கு டைரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குச் சல்லேகனை என்று பெயர். கோபத்தில், துக்கத்தில் செய்யக் கூடாது. தீராத நோய், தள்ளாத முதுமை, தப்ப முடியாத பஞ்சம் அல்லது ஆபத்து, இவை வந்தால் மட்டும். அதிலும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு தண்ணீரையும். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இது தற்கொலைதான் என்றது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. எனக்கு இதில் உறுதியான கருத்து இல்லை. பாறைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் தற்கொலை என்ற சொல் வாயில் வரவில்லை.

திரும்பும்போது திண்டிவனத்தில் மணி 5.50. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த இட்லியை அவசர அவசரமாகத் தின்றோம்.

செப்டம்பர் 1, திங்கள்

சத்தியம். சரி, 20ஆம் தேதிக் கதை.

ஒரு கிளையண்டுக்கு ஜூலை மாதத்து ஜிஎஸ்டி ரிட்டர்ன், கடைசி நாள். உள்ளீட்டு வரித் தொகையைப் படித்துச் சொன்னது நான், தட்டியது அந்தப் பெண். நான் அதற்கு முந்தின மாதத்து ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். மறுநாள் மேலாளர் அவளை எல்லோர் முன்னாலும் கத்தினார். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.

இன்று சொல்லிவிடலாம் என்று போனேன். காலையில் மீட்டிங், மத்தியானம் அவள் பக்கத்தில் வேறு யாரோ. 5.45க்கு டப்பாவைத் திறந்தேன். சொல்லவில்லை.

ராத்திரி ஆயா வினை எப்படி ஒட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற மதங்களில் வினை என்பது ஒரு கணக்கு மாதிரி. எங்களுக்கு அது நிஜமாகவே ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூள். நினைத்தால், பேசினால், அசைந்தால் உயிரை நோக்கி வரும். இதற்கு ஊற்று என்று பெயர். கோபம், செருக்கு, வஞ்சம், ஆசை என்ற எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அது கட்டு. வராமல் அடைப்பது செறிப்பு, ஒட்டியதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு, முழுக்கக் கழிந்தால் வீடு. "எண்ணெய் தேய்ச்சிக்கிட்டுப் புழுதியில உருண்டா என்ன ஆகும்? புழுதி மேல கோவிச்சு என்ன பண்றது" என்றாள். நான் ஆபீஸ் கதையை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

தலைவலி. அடக்கம் என்பது இன்றைய அறம். ஆர்டர் போடும் ஆப்பை நீக்கினேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 3, புதன்

தவம். முழு நாள் உபவாசம் இருந்து பார்த்தேன். புறத்தவம் ஆறில் முதலாவதன் பெயர் அனசனம், கல்வெட்டில் இருந்த அதே சொல்.

பதினோரு மணிக்குப் பசி. ஒரு மணிக்குக் கோபம். யாரோ மைக்ரோவேவில் லெமன் ரைஸ் வைத்தார்கள், அவர்களை மனத்துக்குள் திட்டினேன். மூன்று மணிக்குப் பசி போய்விட்டது, அதற்குப் பதில் பெருமை வந்தது. 'நான் இன்று சாப்பிடவில்லை' என்று நாலு பேரிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். வெள்ளிக்கிழமை பணிவுக்கான நாளாக இருந்தது, அன்று தண்ணீரைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

இடையில் இரண்டு நாள் எழுதவில்லை. ஈகையும் பற்றின்மையும். பீரோவைத் திறந்து பதினேழு சட்டையை எடுத்து வெளியே வைத்தேன். அதில் ஆறைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

இன்று அனந்த சதுர்த்தசி, கடைசி நாள். கோயிலில் ஆயா அரிசி வைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கைப்பிடி அரிசியைப் பலகையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் மெதுவாக ஒதுக்கி ஒதுக்கிச் சுவஸ்திகம் போடுகிறாள். நாலு கை, நாலு கதி: தேவர், மக்கள், விலங்கு, நரகர். நாம் சுற்றிக்கொண்டிருப்பது அங்கே. அதற்கு மேல் மூன்று சின்னக் குவியல், மும்மணி: அந்த நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். அதற்கும் மேல் ஒரு பிறை, அதற்குள் ஒரே ஒரு சிட்டிகை. அது வினை தீர்ந்து வீடு பெற்ற சித்தர்களின் உலகம், போனவர் திரும்பாத இடம். விரல் நடுக்கத்தில் பிறை கோணிவிட்டது. அழித்து மறுபடி போட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

மன்னிப்பு நாள். எல்லா உயிரையும் மன்னிக்கிறேன், எல்லா உயிரும் என்னை மன்னிக்கட்டும், எல்லாவற்றோடும் எனக்கு நட்பு, எதனோடும் பகை இல்லை. பிராகிருதத்தில் இரண்டு வரிதான். காலையில் ஆயாவும் நானும் ஒருவருக்கொருவர் கை கூப்பினோம். அவள் என்னைவிடக் குனிந்து கும்பிட்டது சங்கடமாக இருந்தது. சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஐம்பது பேருக்கு மேல் தாமரைப் படத்தோடு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். நானும் ஒன்றைத் தட்டிவிட்டேன். எல்லா உயிரிடமும் கேட்பது சுலபம்.

ஆபீஸில் முதலில் மேலாளர் அறைக்குப் போனேன். "20ஆம் தேதி ரிட்டர்ன்ல தப்பு என்னுது சார், ஷீட்டை மாத்திப் படிச்சது நான்" என்றேன். ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டே "ஓ" என்றார். அவருக்கு அது முடிந்துபோன விஷயம்.

அப்புறம் அவளிடம் வந்து சொன்னேன். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். "அது அன்னைக்கே தெரியும் சார். உங்க ஸ்கிரீன்ல ஜூன்னு இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்து நாளும் முடிந்துவிட்டது, ஆனாலும் 5.45க்குக் கை தானாக டப்பாவைத் தேடியது. வெங்காயம் போடாத சாம்பார். அவள் அன்றுபோலவே நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் எத்தனை நாள் சார் இது?" என்றாள்.