செம்பனை ஆலைக் கழிவுநீரும் நானோ தூளும்: என் பிராஜெக்ட் அனுபவம்

டைட்டானியம் டை ஆக்சைடு நானோ தூளையும் வெயிலையும் வைத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இறுதியாண்டு பிராஜெக்டை ஒருவழியாக முடித்தாயிற்று. பாதி வேலை சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் நடந்தது. இதே தலைப்பை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் தூள். பெயிண்டில் போடும் வெள்ளைத் தூளும் இதுதானே, அதையே வாங்கினால் என்ன என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் இந்தத் தூளில் ரூட்டைல், அனட்டேஸ் என்று இரண்டு படிக வகைகள் உண்டு, பெயிண்டுக்கானது பெரும்பாலும் ரூட்டைல், வெயில் பட்டால் அது பெயிண்டையே அரித்துவிடக் கூடாது என்று மேலே சிலிக்கா, அலுமினா பூசிவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அந்த அரிக்கும் குணம். பி25 என்று கடையில் விற்கும் நானோ தூள் கிடைத்தால் நல்லது, அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு அனட்டேஸ்.

எடுத்த எடுப்பில் கழிவுநீரில் இறங்காமல் மெத்திலீன் புளூ சாயத்தில் கை பழகுங்கள். தூளைப் போட்டுக் கலக்கினாலே, வெளிச்சம் இல்லாமலும் நீலம் கொஞ்சம் குறையும், சாயம் தூளில் ஒட்டிக்கொள்வதால். ஆகவே அரை மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டு அப்போது எடுக்கும் அளவைத்தான் தொடக்கமாக வைக்க வேண்டும், கூடவே, வெயில் மட்டுமே எவ்வளவு நிறத்தை எடுக்கிறது என்று பார்க்க, தூள் போடாத சாயம் ஒரு பீக்கரில் வெயிலில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் நிறம் போன படத்தை மட்டும் யார் காட்டினாலும் நான் நம்புவதில்லை.

அனட்டேஸை எழுப்ப 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளி வேண்டும், வெயிலில் அது 5 விழுக்காடு இருந்தாலே அதிகம். ஒளி பட்டதும் எலக்ட்ரான் கிளம்பிவிடும், அது விட்டுப்போன இடம் நீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதையும் தாக்கும் துகளை உண்டாக்கும், அழுக்கை உடைப்பது அதுதான். கிளம்பிய எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது திரும்பிப் போய் உட்கார்ந்துவிடும், எல்லாம் வீண். மீன் தொட்டிக் காற்று பம்ப் ஒன்றைப் போட்டேன், கலக்கலும் ஆயிற்று, ஆக்சிஜனும் ஆயிற்று.

அப்புறம் ஆலை. கடிதத்துக்குப் பதில் வரவே மாதக்கணக்கில் இழுத்தது, அதனால் அதை முதல் வேலையாக அனுப்பிவிடுங்கள். ஆலைகள் கழிவை வரிசையான குளங்களில் விட்டு நுண்ணுயிர்களால் சுத்தம் செய்யும், நீங்கள் கேட்க வேண்டியது அதில் கடைசிக் குளத்து நீர்தான். ஆலையிலிருந்து சுடச்சுட வரும் கழிவின் பிஓடி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் இருக்கும், அதை நுண்ணுயிர்கள்தான் தின்ன வேண்டும், இந்தத் தூள் தாங்காது. கடைசிக் குளத்து நீரே காப்பி நிறம், ஒளி உள்ளே இறங்காது. தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து, தட்டையான கண்ணாடித் தட்டில் விரல் தடிமனுக்கு ஊற்றிய பிறகுதான் நிறம் குறையவே ஆரம்பித்தது, அதுவும் மெதுவாக. மத்தியானத்துக்கு மேல் மழை கட்டிக்கொண்டால் அன்றைய வேலை போச்சு. என்னைக் கேட்டால் இது குளங்களுக்கு மாற்று இல்லை, குளம் விட்டுவைத்த நிறத்தைக் கடைசியில் எடுக்கத்தான் லாயக்கு.

அசல் தலைவலி தூளைத் திரும்ப எடுப்பது. சாதாரண வடிதாளில் நிற்காமல் பால் போல இறங்கிவிடும், வேகமாகச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் வேண்டும். கண்ணாடித் துண்டில் பூசிச் சுட்டு வைத்தால் வடிகட்டும் வேலையே இல்லை, ஆனால் நீரைத் தொடும் பரப்பு குறைவதால் வேகம் நன்றாகவே குறையும். எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றியது, அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன். தூளை அளக்கும்போது மட்டும் மாஸ்க் போடுங்கள், மின்விசிறியை அடைத்துவிடுங்கள்.