எட்டு நாலு

மலேசியாவின் பினாங்குக்கு வந்த இரண்டாவது தீபாவளியன்று எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: சாவித் தம்பி. இன்றும் சுங்கை ஆரா அடுக்குமாடியின் லிப்டில் ஏறினால் யாராவது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாலு வருடம் படித்து வாங்கிய பொறியாளர் பட்டம்கூட என்மீது இவ்வளவு சீக்கிரம் ஒட்டவில்லை.

நான் வேலை பார்ப்பது பாயான் லெப்பாசில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில். 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. தமிழ் பேசும் ஊர்தானே, மொழிக்குக் கவலையில்லை என்ற தைரியத்தில் கோவில்பட்டியிலிருந்து கிளம்பி வந்தேன். முதல் மாதம் முழுக்க அந்தத் தமிழே என்னைத் தடுக்கி விழவைத்தது. காலையில் பார்ப்பவர்கள் எல்லாரும் "பசியாறிவிட்டாயா?" என்று கேட்டார்கள். என் முகத்தில் அப்படி என்ன பசி தெரிகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். காலை உணவுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். சம்பளத்தை வெள்ளியில் சொன்னார்கள், ரிங்கிட்டுக்கு அங்கே அந்தப் பெயர். எதிர்வீட்டு அண்ணன் "காடியில் ஏறு தம்பி" என்றபோதுதான் உண்மையிலேயே திகைத்தேன். எங்கள் பக்கம் காடி என்றால் மாட்டுக்கு வைக்கும் புளித்த தண்ணீர். இங்கே அது கார்.

அந்த எதிர்வீடுதான் எனக்குப் பினாங்கு. அண்ணன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார். அக்கா காலைச் சந்தையில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். அக்காவின் தாத்தா கெடாவில் ரப்பர் வெட்டியவர். அண்ணனின் தாத்தாவும் அதே வேலைதான், வேறு தோட்டம்.

தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள், யாரும் வரலாம், சாப்பிடலாம், போகலாம். மதியம் வரை மலாய்க் குடும்பங்கள், கீழ்மாடிப் பிள்ளைகள், அண்ணனின் முதலாளி என்று வந்தபடி இருந்தார்கள். இறைச்சி முஸ்லிம் கசாப்புக்காரரிடம் வாங்கியது, அதை அக்கா ஒவ்வொருவரிடமும் தானாகவே சொன்னார். பீர்ப் பெட்டி அதுவரை சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், ஈரத் துண்டு போர்த்தி இருந்தது. இருட்டி, கடைசி மலாய்க் குடும்பமும் பலகாரப் பொட்டலத்தோடு கிளம்பிய பிறகுதான் அது கூடத்துக்கு வந்தது. பெட்டிக்கு முன்னால் ஒரு பழைய மைலோ டின் வந்தது.

"சாவி" என்றார் அக்கா.

வந்திருந்தவர்கள் கார்ச் சாவி, மோட்டார் சாவி எல்லாவற்றையும் டின்னில் போட்டார்கள். டின் என் மடிக்கு வந்தது. அந்த அறையில் குடிக்கும் வயதிருந்தும் குடிக்காதவன் நான் ஒருவன்தான். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை, எனக்கு வயிறு ஒத்துக்கொள்வதில்லை. ஊரில் குடிக்கிறவர்கள் நடுவே உட்கார்ந்தால் குடிக்காதவனை ஒற்றனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். இங்கே எனக்கு வேலை கொடுத்தார்கள்.

பிறகு அக்கா ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையும் ஐந்து பகடைக் காய்களும் வைத்தார். இங்கே சீனர்களிடையே பரவலான ஆட்டம், பார்களில் ஆடுகிறார்கள். லயர் டைஸ் என்பது பொதுப் பெயர். அக்கா வைத்திருக்கும் பெயர் பொய்த் தாயம்.

ஆட்டம் இப்படி. எல்லாரும் குவளையைக் குலுக்கி மேசையில் கவிழ்க்க வேண்டும். விளிம்பைத் தூக்கித் தன் காய்களைத் தான் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து காயும் ஐந்து விதமாக விழுந்தால் மறுபடி குலுக்க வேண்டும். முதல் ஆள் ஒரு கணக்குச் சொல்வார். "நாலு மூன்று" என்றால், மேசையில் இருக்கும் அத்தனை குவளைக்கு அடியிலும் சேர்த்துக் குறைந்தது நாலு காய்கள் மூன்றைக் காட்டுகின்றன என்று பொருள். அடுத்தவர் ஏற்றித்தான் சொல்ல வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டலாம். எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு முகத்தைக் கூட்டலாம், "நாலு மூன்று" போய் "நாலு ஐந்து" ஆகலாம். நம்பிக்கை வராதவர் "திற" என்பார். எல்லாக் குவளையும் எழும்பும். எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இருந்தால் திறக்கச் சொன்னவர் குடிப்பார், இல்லையென்றால் கணக்குச் சொன்னவர் குடிப்பார். எண்ணிக்கை கூடுதலாக இருந்தாலும் சொன்னவர் தப்பினார்.

இத்தனையும் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது. தடுமாறியது ஒன்றில்தான். இந்த ஆட்டத்தில் ஒன்று என்பது எதுவாகவும் ஆகும். நாலை எண்ணும்போது நாலு, ஆறை எண்ணும்போது ஆறு. யாராவது வாய்விட்டு "இத்தனை ஒன்று" என்று கணக்குச் சொல்லிவிட்டால் மட்டும் அந்தச் சுற்றில் அது வெறும் ஒன்றாகிவிடும். கோவில்பட்டியில் அத்தையோடு பித்தளைத் தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவனுக்கு ஒன்று என்பது தாயம். அது விழாமல் காயை இறக்கக்கூட முடியாது, மத்தியானம் முழுக்க வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கேயும் ஒன்றுக்குத்தான் மரியாதை என்று தெரிந்ததும் அந்த மேசை கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

அக்காவின் வீட்டுக்கென்று தனி விதிகளும் இருந்தன. பீர் மட்டும்தான், வேறு எதுவும் மேசைக்கு வராது. தோற்றவர் குடிப்பது கண்ணாடிக் குவளையில் மூன்று விரல் அளவு, அதை அவரே ஊற்றிக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை தோற்றால் எழுந்து போய் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். குடிப்பதற்கு இத்தனை சட்டமா என்று நான் சிரித்தேன்.

"தோட்டத்தில் ஒரு சட்டமும் இல்லை தம்பி. சம்பள நாள் மட்டும்தான் இருந்தது" என்றார் அக்கா, முறுக்கை உடைத்துக்கொண்டே. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடையும் சேர்ந்தே இருந்தது. கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்களின் கோரிக்கையாக இருந்தது. பிற்காலத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனையோ குடும்பங்களைத் தின்றது. அக்காவின் அப்பா அதில் போனவர். அதை அண்ணன்தான் பிறகொரு நாள் சொன்னார். அக்கா அன்று சொன்னது முறுக்கு உடைத்த அந்த ஒரு வரிதான்.

எனக்குப் பீருக்குப் பதிலாகக் கோப்பி ஓ கோசோங். பாலில்லாத, சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பி. கோசோங் என்றால் மலாயில் வெறுமை. வறுக்கும்போதே கருக்கிவிட்ட கொட்டை, தாரைக் கரைத்ததுபோல இருக்கும். தோற்றால் அது மூன்று விரல்.

மேசையில் நாங்கள் நாலு பேர்: அக்கா, அண்ணன், மேல்மாடியில் இருக்கும் இரும்புக்கடைச் சீனப் பெரியவர், நான். பெரியவரை எல்லாரும் தவுக்கே என்பார்கள். அவருக்குத் தமிழில் ஒன்றிலிருந்து ஆறு வரை தெரியும், ஏழு தெரியாது. பகடையில் ஏழு இல்லையே.

நான் புள்ளியியல் தெரிந்தவன் என்ற மிதப்பில் உட்கார்ந்தேன். ஒரு காயில் நாலு விழ வாய்ப்பு ஆறில் ஒன்று, ஒன்றும் நாலாகும் என்பதால் ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. மற்ற மூவரிடம் 15 காய்கள், சராசரியாக ஐந்து தேறும். என்னிடம் இருப்பதை அதோடு கூட்டினால் போதும். தொழிற்சாலையில் நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே.

குவளையைத் தூக்கிப் பார்த்தேன்: ஒன்று, இரண்டு, நாலு, நாலு, ஆறு. ஒன்றையும் சேர்த்தால் மூன்று நாலு. அக்கா "நாலு மூன்று" என்று தொடங்கினார். அண்ணன் "ஐந்து மூன்று." தவுக்கே "ஐந்து ஐந்து." நான் "ஆறு நாலு" என்றேன். அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார், தன் குவளையைப் பார்க்கவில்லை. "ஏழு நாலு" என்றார். அண்ணன் "ஏழு ஐந்து." தவுக்கே மலாய்க்கு மாறி "துஜோ எனாம்" என்றார், ஏழு ஆறு. என் மூன்றும் மற்றவர்களின் ஐந்தும் எட்டு. போதாததற்கு அக்காவே நாலை ஏற்றியிருக்கிறார், அவரிடமும் இருக்கத்தான் வேண்டும். "எட்டு நாலு" என்றேன்.

"திற" என்றார் அக்கா.

என்னிடம் மூன்று. அண்ணனிடம் ஒரு நாலும் ஒரு ஒன்றும், ஆக இரண்டு. தவுக்கேயிடமும் அப்படியே இரண்டு. ஏழாகிவிட்டது. அக்கா தன் குவளையை நிதானமாக எடுத்தார்: இரண்டு, மூன்று, மூன்று, ஐந்து, ஆறு. ஒரு நாலு இல்லை, ஓர் ஒன்றுகூட இல்லை. வெறுங்கையை வைத்துக்கொண்டு "ஏழு நாலு" என்று சொல்லி என்னை எட்டுக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்.

"ஆறு நாலு என்று சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது" என்றார். "மூன்று வைத்திருப்பவன் குரல் அது." இட்லிக் கடையில் யார் கடன் சொல்லப்போகிறார் என்பதை நாற்காலி இழுக்கும் விதத்திலேயே கண்டுபிடிப்பவர் அவர். என் மூன்றில் ஒரு பங்கெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. கோப்பியைக் குடித்தேன். அன்று இரவு அதை ஒன்பது முறை குடித்தேன்.

நடுவில் தவுக்கே இன்னோர் ஆட்டமும் காட்டினார். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் நீட்ட வேண்டும். மூடிய கை சுழி, விரித்த கை ஐந்து. நாலு கைகளின் கூட்டுத்தொகையை நீட்டும்போதே கத்த வேண்டும்: சுழி, ஐந்து, பத்து, பதினைந்து, இருபது. சரியாகச் சொன்னவர் தப்பித்தார். தெருக்கோடிக் கோப்பிக் கடை வரை கேட்கும் ஆட்டம், யோசிக்கிறவன் தோற்பான். அண்ணனின் தமக்கை மகள் கல்லூரியிலிருந்து சீட்டுக்கட்டு கொண்டுவந்திருந்தாள். எந்தச் சீட்டு வந்தால் யார் குடிப்பது என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கட்டளை. ராஜா வந்தால் நடுக் கோப்பையில் ஊற்ற வேண்டும், நாலாவது ராஜாவை எடுத்தவர் அந்தக் கலவையைக் குடிக்க வேண்டும். மனப்பாடம் செய்து குடிப்பது எனக்குத் தேர்வு எழுதுவதுபோல இருந்தது. அவள் தம்பிக்கு 19 வயது, அவனுக்குக் கடைசி வரை சர்பத்துதான். 2017 டிசம்பரிலிருந்து இந்நாட்டில் மது வாங்க 21 வயதாக வேண்டும். சட்டத்தைவிட அக்காவின் பார்வைக்கே அவன் பயந்தான் என்று நினைக்கிறேன்.

முடிக்கும்போது எல்லாரும் எழுந்து நின்று "யாம் செங்" என்றார்கள். கன்டனீஸ் சொல், வெற்றிக்குக் குடிப்போம் என்பது போன்ற பொருள். "யாம்" என்பதை மூச்சு உள்ளவரை இழுக்க வேண்டும், மூன்று முறை. காதில் விழுந்த மாத்திரத்தில் எனக்கு அது சங்கத் தமிழ்த் தன்மைப் பன்மையாகத்தான் கேட்டது.

ஒரு மணிக்கு மைலோ டின்னில் ஏழு சாவிகள். அடுக்குமாடிக்காரர்கள் மாடி ஏறினார்கள், இரண்டு பேர் வாடகைக் கார் கூப்பிட்டார்கள். மீதி இருந்தவர் அண்ணனின் மச்சினன், வீடு தீவுக்கு வெளியே, கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில். தனக்கு ஒன்றுமில்லை, தானே ஓட்டுவேன் என்றார். அண்ணன் லோரிக்காரர், சட்டம் தலைகீழ்ப் பாடம்: "2020இல் ரத்தத்தில் மது இருக்கக்கூடிய அளவை 80இலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டார்கள். முதல் தடவைக்கே குறைந்தது 10,000 வெள்ளி. என் தங்கைக்கு நீ பதில் சொல்வாயா?" மச்சினன் என் பக்கம் திரும்பிச் சாவிக்குக் கை நீட்டினார். நான் டின்னை மூடினேன். பட்டப்பெயர் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது.

அண்ணனின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போனேன். 1985இல் திறந்த பாலம், 13.5 கிலோமீட்டர். பகலில் வண்டிகள் நகராத அந்தப் பாலம் அப்போது எனக்கு மட்டும் போட்டதுபோல இருந்தது. தீவை விட்டுப் போகும்போது சுங்கம் இல்லை, தீவுக்குள் வரும்போதுதான் காசு. ஒன்பது கோப்பை கறுப்புக் காப்பி காதுக்குள் இரைந்தது. மச்சினன் பின்சீட்டில் வழி முழுக்கத் தூக்கத்திலேயே கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்: "ஆறு ஐந்து... ஏழு ஐந்து..." அவரை வீட்டில் விட்டு, அவர் மனைவி கட்டாயப்படுத்திக் கொடுத்த அதிரசத்தையும் தின்றுவிட்டுத் திரும்பியபோது மணி நாலரை.

எதிர்வீட்டுக் கதவு இன்னும் திறந்தேதான் இருந்தது. அக்கா தூங்கவில்லை. பகடைகளை ஒரு துணிப் பையில் கட்டிவிட்டு, சந்தைக்கு இட்லி மாவு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சாவியை மேசையில் வைத்தேன்.

"பசியாறினாயா தம்பி?"

"இன்னும் விடியவே இல்லை அக்கா."

அடுப்பில் இருந்த கோப்பிப் பானையைக் கண்ணால் காட்டினார். "நாலு கோப்பை மிச்சம் இருக்கிறது. நான் சந்தைக்குக் கிளம்புவதற்குள் குடித்து முடி."

குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"திறங்கள்" என்றேன்.

அக்கா மூடியைத் தூக்கினார். அடியில் வண்டல் மட்டும்தான் இருந்தது.