ஷின்ஜுக்கு சந்துகளில் ஓர் இரவு

பர்மாவின் யாங்கோன் நகரத்து 19ஆம் தெருவில் கரி அடுப்பில் சுட்ட இறைச்சிக் குச்சிகளைத் தின்று வளர்ந்த எனக்கு, தோக்கியோவின் ஷின்ஜுக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கத்தில், போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையிலிருந்து உருவான ஒமோய்தே யோக்கோச்சோ என்னும் சந்தில் நுழைந்ததுமே, யாக்கிதோரி என்று அவர்கள் அழைக்கும் கோழிக் குச்சிகளின் புகை எங்கள் தெருவை நினைவூட்டியது. நெருக்கியடித்து உட்காருவதும் அப்படியே.

மறுபுறம் கபுக்கிச்சோ என்னும் கேளிக்கைப் பகுதி. கபுக்கி நாடக அரங்கு வரப்போகிறது என்று பெயரை முதலில் வைத்துவிட்டார்கள். அரங்கு மட்டும் வரவேயில்லை. விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன, கடைக்கு அழைப்போரின் தொல்லையும் பொறுக்கவில்லை, விரைந்து கடந்தேன்.

நான் நெடுநேரம் நின்றது கோல்டன் காய் பகுதியில்தான். ஆறு குறுகிய சந்துகளில் 200க்கும் மேற்பட்ட மதுக்கூடங்கள் அடைந்திருக்கின்றன. பலவற்றில் பத்துப் பேர் உட்கார்ந்தால் கதவைத் திறக்க இடமிராது. குடிப்பழக்கம் இல்லாத நான் ஊலாங் தேநீர் கேட்டபோது எவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் இருக்கைக்கென்றே தனிக் கட்டணம் உண்டு என்பதை, வாசலில் எழுதியிருந்த பலகையைக் கவனிக்காத குற்றத்தால், கணக்குச் சீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும் என்பதால் முன்னதாகவே யாமனோத்தே தடத்தில் ஏறி, இரண்டாம் நிறுத்தமான தக்காதனோபாபாவில் இறங்கினேன். பர்மியர் மிகுந்த அப்பகுதிக்குச் 'சின்ன யாங்கோன்' என்றே பெயர். அங்கே ஓர் உணவகத்து அம்மையார் என்னை 'அக்கோ' (அண்ணா) என்றழைத்து, கேட்காமலேயே ஒரு தட்டு லஃபெ தோ என்னும் தேயிலைக் கலவையை வைத்தார்.